டீ-6: அச்சிட்ட அலுமினியத்துக்கு ஒரு பழைய மருந்து

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்றில் தேயிலையை நிறம் பிரிக்கும் இயந்திரத்தின் அலுமினியத் தாங்கி ஒன்று உடைந்துபோனது. உள்ளங்கையளவு சாமான்தான். இயந்திரம் செய்த கொம்பனி அந்த மாடலை நிறுத்திப் பல வருடமாகிறது. ஒன்றிரண்டு சாமானுக்காக வார்ப்பு அச்சு செய்ய யாரும் முன்வரவில்லை. கடைசியில் பழைய வரைபடத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, அலுமினியத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் முறையில் செய்து எடுத்தார்கள். வரைபடத்தின் மூலையில் ‘டீ-6’ என்று ஒரு குறிப்பு. “இது எந்த கிரேட்டுங்க, இத்தனை வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்லையே” என்று, தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் சிரித்தார்.

சாமான் வந்து சேர்ந்தபோது முகப்பில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். தட்டையான மேசையில் வைத்தால் ஒரு கால் தூக்கி ஆடியது. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, புதுச் சாமானுக்கு அம்மை போட்டிருக்கே” என்றார். உலோகம் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார்கள். அச்சிட்டவர்கள் வரைபடத்தில் எழுதியிருந்ததை அப்படியே செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வார்ப்பு அலுமினியத்துக்கு என்று எழுதிய மருந்தை, வேறு விதமாகப் பிறந்த அலுமினியத்துக்குக் கொடுத்ததில் வந்த அம்மை இது.

டீ-6 என்பது வெப்பத்தால் பதப்படுத்தும் ஒரு முறையின் குறியீடு. அது எதற்காக வந்தது என்று பார்த்தால்தான் எங்கே பொருந்தாது என்பதும் விளங்கும்.

தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி அடிக்கும் கொல்லனுக்கு ஒரு விதி தெரியும்: சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இரும்பு இறுகும். அலுமினியக் கலப்புலோகத்தை உருகாத அளவுக்குக் காய்ச்சி அதேபோல முக்கினால் அது மெத்தென்று ஆகிவிடும். இறுக்கம் பிறகு வருகிறது, தானாகவே, மெதுவாக. இதைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியின் அல்ஃப்ரெட் வில்ம். 1906இல் செம்பும் சிறிது மகனீசியமும் கலந்த அலுமினியத்தைக் காய்ச்சித் தணித்து, சனிக்கிழமை கடினத்தை அளந்தார், திங்கட்கிழமை அதே துண்டை மறுபடி அளந்தபோது அது கூடியிருந்தது என்று சொல்வார்கள். இரண்டு நாள் சும்மா கிடந்த உலோகம் எப்படி இறுகியது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. 1938இல்தான் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்-கதிர்களைக் கொண்டு, உலோகத்துக்குள் செம்பு அணுக்கள் நுண்ணிய தட்டுகளாகக் கூடி நிற்பதைக் காட்டினார்கள்.

நடப்பது இதுதான். கொதிக்கும் தேத்தண்ணியில் நிறையச் சீனி கரையும், ஆறினால் அவ்வளவு கரையாது. அலுமினியமும் அப்படித்தான். 520, 530 பாகை செல்சியஸில் மகனீசியமும் சிலிக்கனும் அதற்குள் கரைகின்றன. உடனே தண்ணீரில் முக்கினால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. பிறகு 160, 170 பாகையில் சில மணித்தியாலம் வைத்தால், மாட்டிக்கொண்டவை நனோமீற்றர் அளவில் திரண்டு உலோகத்துக்குள் முள்வேலி போடுகின்றன. உலோகம் வளைவது என்றால் அணுத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது, அந்த வழுக்கலைத்தான் வேலி தடுக்கிறது. கரைத்தல், தணித்தல், முதிர்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது டீ-6. முதிர்ப்பில் அளவுக்கு மீறிப் போனால் திரள்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்து, வேலியில் ஓட்டை விழும். டிரையரில் கூடுதலாக நின்ற தேயிலை கருகுவதுபோல இதற்கும் ஓர் உச்சம் உண்டு, அதற்குப் பிறகு இறக்கம்தான்.

மணல் அச்சில் வார்த்த அலுமினியத்துக்கு டீ-6 ஒரு வரப்பிரசாதம் என்பதை மறுக்க முடியாது. பத்து வீதம் சிலிக்கனும் சொற்ப மகனீசியமும் கொண்ட வார்ப்புலோகத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தரநிலைப்படி, மணலில் வார்த்து அப்படியே விட்டால் அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைப்பின் (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசையின்) குறைந்தபட்ச அளவு 80 மெகாபாஸ்கல். டீ-6 கொடுத்தால் 180. இரண்டு மடங்குக்கும் மேல். எந்தப் பொறியியலாளனும் வரைபடத்தின் மூலையில் இதை எழுதாமல் விடமாட்டான். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது என்பதுதான் சிக்கல்.

பிறக்கும்போதே தணிந்த உலோகம்

அச்சிடும் இயந்திரத்துக்குள் நடப்பது வேறு கதை. (நம் பக்கத்தில் ‘தூள்’ என்றாலே தேயிலைதான். இங்கே சொல்வது அலுமினியத் தூள்.) 20 முதல் 60 மைக்ரோமீற்றர் வரையிலான உருண்டைத் துகள்களை 30 மைக்ரோமீற்றர் கனத்தில், அதாவது தலைமயிரைவிட மெல்லிய படலமாகப் பரப்புகிறார்கள். அதன்மேல் சில நூறு வாட் லேசர் ஒன்று வினாடிக்கு ஒரு மீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஓடும் இடத்தில் மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கு அகலமுள்ள குட்டை உருகி, லேசர் நகர்ந்த கையோடு உறைகிறது. அடுத்த படலம், மறுபடி ஓட்டம். உள்ளங்கையளவு சாமானுக்கு ஆயிரக்கணக்கான படலங்கள் வேண்டும்.

அந்தக் குட்டை ஆறும் வேகம்தான் இந்தக் கட்டுரைக்கு உயிர். வினாடிக்கு இலட்சம் பாகை தொடக்கம் பத்து இலட்சம் பாகை வரை. உலையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் முக்குவதெல்லாம் இதற்கு முன்னால் நின்று யோசித்து நடக்கும் நடை. ஆக, டீ-6இன் இரண்டாவது படியான தணித்தல், அச்சிடும்போதே, உலையால் எட்டமுடியாத வேகத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

அதன் பயனை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். மணல் வார்ப்பில் சிலிக்கன் பெரிய தகடுகளாகவும் ஊசிகளாகவும் கிடக்கும், விரிசல் அவற்றின் ஓரத்தில்தான் தொடங்கும். அதே கலவையை அச்சிட்டதில் அரை மைக்ரோமீற்றர் அளவுள்ள அலுமினிய அறைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சிலிக்கன் சுவர். தேன்கூட்டைப் போல முடிவில்லாமல் தொடரும் வலை அது. அறைக்குள் இருக்கும் அலுமினியத்திலும், சாதாரணமாகத் தங்காத அளவு சிலிக்கன் கரைந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும். எந்த உலையையும் பார்க்காத இந்தச் சாமான் சுமார் 230 முதல் 270 மெகாபாஸ்கலில்தான் வளையத் தொடங்குகிறது, 400க்கும் மேலே போய்த்தான் அறுகிறது. இயந்திரத்துக்கு இயந்திரம், நிமிர்த்தி அச்சிட்டதா படுக்கவைத்து அச்சிட்டதா என்பதற்கும் எண்கள் மாறும். ஆனாலும் டீ-6 கொடுத்த மணல் வார்ப்பை இது சும்மா நின்றபடியே வென்றுவிடுகிறது.

செய்முறையே வெப்பப் பதம் ஆகிவிடுவது புதிதும் இல்லை. ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தின் இயந்திரக் கூடு, செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. 1990களில் அதை ஆராய்ந்தவர்கள், அதற்குள் முதிர்ப்பால் வரும் அதே நுண்திரள்கள் இருப்பதைக் கண்டார்கள். வார்ப்பு அச்சுக்குள் ஆறும்போதே உலோகம் முதிர்ந்திருக்கிறது. வில்ம் கண்டுபிடிப்பதற்கு மூன்று வருடம் முன்னரே, வார்த்தவர்களுக்கே தெரியாமல்.

இந்தத் தேன்கூட்டை 530 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் என்ன ஆகும்? சுவர்கள் உடைந்து, துண்டுகள் உருண்டு, சிறியவை கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துவிடும். ஒருகாலத்தில் வலையாக இருந்தது இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மைக்ரோமீற்றர் அளவுள்ள சிலிக்கன் மணிகள். அதன்பின் முதிர்ப்பில் மகனீசிய-சிலிக்கன் முள்வேலி வருவது உண்மைதான். ஆனால் இருந்த மதிலை இடித்துவிட்டு வேலி போட்ட கணக்கு. அறும் தகைப்பு 300, 330 மெகாபாஸ்கலுக்கு இறங்குகிறது. வளையத் தொடங்கும் அளவு பழைய இடத்துக்கே திரும்புகிறது, அல்லது சற்றுக் குறைகிறது. காசு கொடுத்து, மின்சாரம் செலவழித்து, தண்ணீரில் முக்கியதால் சாமானைக் கோணலும் ஆக்கிவிட்டு, கிடைப்பது இதுதான்.

நியாயமாகச் சொன்னால் டீ-6க்கு இதிலும் ஓர் இடம் உண்டு. அச்சிட்ட சாமான் நிமிர்ந்த திசையில் ஒரு பலமும் படுத்த திசையில் இன்னொரு பலமும் காட்டும். உருகிய குட்டைகளின் ஓரங்கள் வழியே கிழியும். 530 பாகைச் சூடு அந்த ஓரங்களை அழித்து எல்லாத் திசையையும் ஏறக்குறைய ஒன்றாக்குகிறது. எந்தப் பக்கம் இழுபடும் என்று முன்கூட்டியே சொல்லமுடியாத சாமானுக்கு அது பெறுமதியானதுதான். நம் தாங்கிக்கு அது தேவைப்படவில்லை.

அம்மை எங்கிருந்து வந்தது

மலைநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் காரணம் ஈரம். உருகிய அலுமினியம் ஐதரசனை விரும்பிக் குடிக்கும். உறைந்தவுடன் அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் வைத்துக்கொள்ள முடியும், மீதி குமிழாகும். அந்த ஐதரசன் வருவது தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நீராவியிலிருந்து. தூள் எவ்வளவு பொடியோ அவ்வளவு மேற்பரப்பு, அவ்வளவு ஈரம். நுவரெலியாவில் மூடுபனி இறங்கும் மாலையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திறந்து வைத்தவர்களுக்கு மேலதிக விளக்கம் வேண்டாம். ஸ்டோரில் தேயிலையை மூன்று வீத ஈரப்பதம் அளவில் டிரையரிலிருந்து இறக்கி, தாமதிக்காமல் காற்றுப் புகாமல் அடைப்பதும் அதே பயத்தில்தான்.

அச்சிட்ட சாமானுக்குள் இந்தக் குமிழ்கள் மிகச் சிறியவை, அழுத்தத்தில் அடைபட்டவை. வெளியே தெரியாது, பெரும்பாலான வேலைக்குத் தொந்தரவும் இல்லை. ஆனால் 530 பாகையில் அலுமினியம் மெழுகுபோல இளகி நிற்கும். இந்தக் கலப்புலோகத்தின் ஒரு பகுதி 577 பாகைக்குச் சற்றுக் கீழேயே உருகத் தொடங்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். உள்ளே அடைபட்ட வாயு விரிகிறது, சுவர் விட்டுக்கொடுக்கிறது, குமிழ் பருக்கிறது. தோலுக்கு அருகில் இருந்தால் தோலைத் தூக்குகிறது. பிட்டர் அண்ணன் கண்ட அம்மை அதுதான். 300 பாகையில் இது பெரிதாக நடப்பதில்லை.

சிலர் இதற்கு, ஆர்கன் வாயுவால் சுமார் 100 மெகாபாஸ்கல் அழுத்தமும் 500 பாகையை ஒட்டிய சூடும் சேர்த்துக் குமிழ்களை நசுக்கும் முறையைச் சொல்வார்கள். வெற்றிடமாக இருந்த ஓட்டைகள் மூடிக்கொள்ளும். வாயு நிறைந்த குமிழ் நசுங்கிப் பதுங்கிக்கொள்ளும், அடுத்த முறை உலைக்குப் போகும்போது மறுபடி தலை தூக்கும். தேன்கூடு எப்படியும் அழிந்துவிடும். தூளை உலர்த்திப் பயன்படுத்துவதுதான் மலிவான வைத்தியம் என்பது என் கட்சி.

கோணலுக்கு வருவோம். ஒவ்வொரு படலமும் உறைந்து சுருங்கும்போது கீழே ஏற்கெனவே உறைந்தது அதை விடுவதில்லை. இந்த இழுபறி ஆயிரக்கணக்கான படலங்களில் சேர்ந்து சாமானுக்குள் தகைப்பாக நிற்கிறது. கீழேயுள்ள தட்டோடு ஒட்டியிருக்கும்வரை அடங்கி இருக்கும், வெட்டியெடுத்தவுடன் வில்லாக வளையும். அதனால் தட்டோடு சேர்த்தே உலையில் வைத்துத் தகைப்பைத் தளர்த்தி, பிறகுதான் வெட்டவேண்டும். வெகுகாலமாகப் புழங்கும் அளவு 300 பாகை, 2 மணித்தியாலம். இந்தச் சூட்டிலும் தேன்கூட்டுச் சுவர் துண்டுபடத் தொடங்கும், வளையத் தொடங்கும் அளவு 200 மெகாபாஸ்கலுக்குப் பக்கத்திலோ கீழேயோ இறங்கும். பதிலுக்கு, அறுமுன் நீளும் திறன் இரட்டிப்பு என்னும் அளவுக்குக் கூடுகிறது. திடீரென்று முறிவதைவிட வளைந்து எச்சரிப்பது நல்லது என்று நினைக்கும் இடங்களில் இதுவே போதும்.

இன்னொரு இலாபமும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. அச்சிட்டபடியே இருக்கும் சாமானில் கரைந்து கிடக்கும் சிலிக்கனும் அந்த வலையும் சூட்டைக் கடத்த விடுவதில்லை. மீற்றருக்கு, பாகைக்கு 100, 120 வாட் அளவில்தான் கடத்தும். 300 பாகைக்குப் பிறகு அது 170ஐ எட்டுகிறது. வெப்பம் வெளியேற்றும் சிறகு செய்பவருக்குப் பலம் குறைந்த சாமான்தான் நல்ல சாமான்.

எனக்குப் பிடித்த வழி இரண்டுக்கும் நடுவில் இருப்பது: கரைக்காமல், முக்காமல், அச்சிலிருந்து வந்ததை நேரே 160, 170 பாகையில் சில மணித்தியாலம் முதிர்ப்பது. தணித்தல் ஏற்கெனவே நடந்துவிட்டதால் முதிர்ப்பு மட்டும்தான் பாக்கி. இதற்கு டீ-5 என்று பெயர். தேன்கூடு அப்படியே நிற்க, உள்ளே மாட்டியிருந்தவை திரண்டு முள்வேலியும் சேர்கிறது. வளையத் தொடங்கும் அளவு 280, 300 மெகாபாஸ்கல் வரை ஏறும். நீளும் திறன் கொஞ்சம் குறையும், உள்தகைப்பும் அரைகுறையாகத்தான் தளரும். மெல்லிய நீண்ட சாமானுக்கு அதனால் நான் இதைச் சொல்லமாட்டேன். தடித்த, குட்டையான சாமானுக்கு யோசிக்காமல் சொல்வேன்.

இங்கே ஒரு நுட்பம். சில இயந்திரங்களில் அடித்தட்டையே 150, 200 பாகைக்குச் சூடாக்கி வைத்து அச்சிடுவார்கள், கோணல் குறையட்டும் என்று. ஒரு நாள் முழுக்க ஓடும் அச்சில் முதல் படலம் ஒரு நாள் முதிர்ந்திருக்கும், கடைசிப் படலம் அப்போதுதான் பிறந்திருக்கும். ஒரே சாமானில் அடியும் நுனியும் வேறு வேறு கடினம். அதன் மேல் இன்னொரு முதிர்ப்புக் கொடுத்தால் அடிப்பக்கம் உச்சத்தைத் தாண்டிவிடவும் கூடும். அச்சிட்டவரிடம் தட்டின் வெப்பநிலையைக் கேட்காமல் உலை வெப்பநிலையை எழுதுவது அரைக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து எழுதுவதுதான்.

எல்லா அலுமினியமும் இந்தச் சிலிக்கன் ரகம்போல நடக்காது. 6061, 7075 போன்ற உறுதியான ரகங்கள் லேசரின் கீழ் உறையும்போதே விரிசல் விடும். சிலிக்கன் நிறைந்தது விரிசலின்றி உறைவதால்தான் இத்தனை பிரபலம். 2017இல் அமெரிக்காவின் எச்.ஆர்.எல். ஆய்வுகூடத்தினர், 7075 தூளின்மேல் சிர்கோனியம் சார்ந்த நனோதுகள்களை ஒட்டவைத்து அந்த விரிசலைத் தடுத்துக் காட்டினார்கள். அந்த ரகத்துக்கு டீ-6 கட்டாயம் வேண்டும், பலமே அந்த முதிர்ப்பில்தான் இருக்கிறது. ஸ்கண்டியம் சேர்த்து, அச்சிடுவதற்கென்றே உருவாக்கிய ‘ஸ்கால்மலோய்’ இன்னொரு பக்கம். மெதுவாக ஆறும் வார்ப்பில் அவ்வளவு ஸ்கண்டியம் கரைந்து நிற்காது, லேசர் வேகத்தில் நிற்கும். பிறகு 325 பாகையில் 4 மணித்தியாலம் வைத்தால் போதும், தகைப்பும் தளர்கிறது, உலோகமும் இறுகுகிறது. தண்ணீர்த் தொட்டியே வேண்டாம். விலையைக் கேட்டால்தான் நமக்கு இறுகிப்போகும்.

நம் மலையில் யாராவது நாளைக்கு இந்த வேலையைத் தொடங்கினால், உலை விஷயத்தில் டீ-5 பக்கம்தான் காற்று வீசுகிறது. 530 பாகையைச் சில பாகை வித்தியாசத்துக்குள் பிடித்து நிறுத்தும் உலையும், சாமானை ஒரு சில வினாடியில் தண்ணீருக்குள் தள்ளும் ஏற்பாடும் சின்னப் பட்டறைக்குப் பெரிய செலவு. 170 பாகைக்கு விசிறி வைத்த சாதாரண மின்னடுப்பு போதும், வெப்பமானி மட்டும் நம்பகமாக இருக்கவேண்டும். டிரையரிலேயே வைத்து எடுத்தால் என்ன என்று பிட்டர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. அதன் காற்று நூறு பாகையைச் சுற்றியே நிற்பதால் பல நாள் வைத்தாலும் அரைவேக்காடுதான். டீமேக்கர் சம்மதிப்பாரா என்பது தனி.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. நேர் முதிர்ப்பு நடுவில் நின்றால் பெரிய பாதகமில்லை. ஆறியதும் திரள்வது ஏறக்குறைய நின்றுவிடும், கரண்ட் வந்ததும் மீதி நேரத்தைக் கொடுக்கலாம். டீ-6இன் கரைக்கும் கட்டத்தில் நின்றால் கதை வேறு. மூடிய உலைக்குள் மெதுவாக ஆறும் சாமானில் கரைந்ததெல்லாம் பெரிய கட்டிகளாக வெளியே வந்துவிடும், தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யவேண்டும். அதற்குள் குமிழ்களும் இரண்டாவது சுற்றுப் பருத்திருக்கும்.

தாங்கியை இரண்டாவது தடவை அச்சிடக் கொடுத்தோம். நாள் முழுக்க அதிரும் இடம், சுமை அதிகமில்லை, ஓர் ஓரம் மெல்லியது. அதனால் எனக்குப் பிடித்த டீ-5ஐ விட்டுவிட்டு, தட்டோடு சேர்த்து 300 பாகையில் 2 மணித்தியாலம், பிறகு வெட்டு, அதன்பிறகுதான் ஆணித் துளைகள் என்று எழுதினேன். மூலையில் இருந்த டீ-6ஐ டீமேக்கரே தன் சிவப்புப் பேனாவால் வெட்டினார். வந்த சாமான் மேசையில் ஆடவில்லை. அம்மை போட்ட பழையதைப் பிட்டர் அண்ணன் எறியவில்லை, வேலைமேசைக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்.